கார் கேள்வி பதில்: மூன்று சென்சார் மாற்றியும் நிற்காத ஃபேன்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன. "வெப்பநிலை சென்சார் என்ன விலை, எந்தக் கம்பெனி நல்லது?" விலை சொல்ல நான் உதிரிபாகக் கடை வைத்திருக்கவில்லை. கோவையில் ஒரு மின்பட்டறை வைத்திருக்கிறேன். சென்சார் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் வழியைச் சொல்கிறேன். அதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பெட்ரோல் காருக்கு ஒன்பது வயது. சாவியைத் திருப்பியதுமே, இன்ஜின் ஓடாதபோதுகூட, ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் சில நேரம் தானாக நின்றுவிடும். இன்ஜின் விளக்கு எரிகிறது. ஏ.சி. ஒரு நாள் குளிர்ந்தால் ஒரு நாள் குளிர்வதில்லை. மைலேஜும் இறங்கிவிட்டது. கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி 0118 என்று வந்ததால், கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எவ்வளவு சூடு என்று அளக்கும் சென்சாரை மூன்று முறை மாற்றிவிட்டோம். கடைசியாகப் போட்டது கம்பெனி சரக்கு. இனி இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வைத்தான் மாற்றவேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: வேண்டாம். இ.சி.யு.வுக்கு எடுத்துவைத்த பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஃபேன் நிற்கிறது என்கிறீர்கள். புதுச் சென்சாருக்கு வேகத்தடை ஒரு பொருட்டே இல்லை. அறுந்தும் அறாமலும் தொங்கும் வயருக்குத்தான் அது தெரியும்.

ஸ்கேனர் சொன்னதையும் உங்கள் மெக்கானிக் பாதிதான் படித்திருக்கிறார். பி 0118 என்றால் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. சென்சாருக்குப் போய்வரும் பாதையில் வோல்டேஜ் இருக்கவேண்டியதைவிட அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாதையில் சென்சாரும் உண்டு, கனெக்டரும் உண்டு, இரண்டு வயர்களும் உண்டு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இந்தக் குறியீட்டுக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். சென்சாரின் மூக்கில் ஒரு சிறு மணி இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். உலோகங்களுக்கு நேர்மாறான இந்தக் குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833லேயே வெள்ளி சல்ஃபைடில் கவனித்துவிட்டார். இ.சி.யு. தன்னுள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கிறது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் வோல்டேஜ் அதிகம், சூடாக இருந்தால் குறைவு. வயர் அறுந்துவிட்டால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். இ.சி.யு.வின் கணக்கில் அது −40 டிகிரி. பொள்ளாச்சியில் −40 டிகிரியா? அதை நம்பாமல் இ.சி.யு. விளக்கை எரியவிடுகிறது. உண்மையான சூடு தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை ஓடவிடுகிறது, ஏ.சி. கம்ப்ரசரை நிறுத்துகிறது, ஒரு தோராய வெப்பநிலையை வைத்துப் பெட்ரோல் ஊற்றுகிறது. நீங்கள் பட்டியலிட்ட குறைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருபவை.

இப்போது சோதனைக்கு வருவோம். உங்கள் காரில் சென்சாருக்கு இரண்டே முள்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று, நான்கு முள் உள்ளவற்றில் வயரிங் படம் இல்லாமல் கைவைக்கக் கூடாது. இரண்டுதான் என்றால், கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒரு சிறு வயர்த் துண்டால் இணையுங்கள். ஸ்கேனரில் −40 என்று நின்ற எண் ஒரே தாவலில் 130, 140 என்று உச்சத்துக்குப் போகவேண்டும். போய்விட்டால் வயரும் இ.சி.யு.வும் நலம். எண் அசையவே இல்லையென்றால், இன்னும் நூறு சென்சார் மாற்றினாலும் பயன் இல்லை.

உங்கள் காரில் அசையாது என்றே நினைக்கிறேன். அப்போது இணைப்பை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். சாவி ஆனில் இருக்கட்டும். சிவப்பு முனையால் கனெக்டரின் சிக்னல் முனையைத் தொட்டால் 5 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். வந்தால் சிக்னல் வயர் சரி. பிறகு கறுப்பு முனையை மட்டும் எடுத்து கனெக்டரின் அடுத்த முனையில் வையுங்கள். இங்கும் அதே 5 வரவேண்டும். வராவிட்டால் அறுந்திருப்பது எர்த் வயர். உடனே இன்ஜின் பாடியிலிருந்து ஒரு வயரை இழுத்து எர்த் கொடுத்துவிடலாமே என்று யாராவது குறுக்குவழி சொல்வார்கள். கேட்காதீர்கள். சென்சாரின் எர்த் இ.சி.யு.வுக்குள் போய் முடிகிறது. பாடி எர்த்தில் ஸ்டார்ட்டர், ஃபேன் என்று பெரிய கரண்ட் எல்லாம் பாய்வதால், அங்கே கொஞ்சம் வோல்டேஜ் ஏறினாலும் சென்சாரின் கணக்கு தவறிவிடும்.

சென்ற மழைக்காலத்தில் இதே குறையுடன் ஒரு கார் என் பட்டறைக்கு வந்தது. வயரின் உறை புதிதுபோல இருந்தது. கீறல் இல்லை, எலிக்கடியும் இல்லை. கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி விரலால் மடக்கிக்கொண்டே வந்தபோது ஓர் இடம் மட்டும் எலும்பில்லாமல் துவண்டது. பிளேடால் கீறினால் உள்ளே செம்பு இல்லை. பச்சைக் களிம்புதான் பொடியாகக் கொட்டியது. அதற்கு நேர் மேலே உறையில் ஊசி நுழைந்த ஒரு துளை. முன்பு யாரோ டெஸ்ட் லேம்ப்பின் ஊசியை வயரில் குத்தி கரண்ட் வருகிறதா என்று பார்த்திருக்கிறார். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளிருந்த செம்பை இழை இழையாகத் தின்றுவிட்டது. பல்பு டெஸ்ட் லேம்ப்பை சென்சார் வயரில் வைப்பதே தவறு. பல்பு இழுக்கும் கரண்ட்டை இ.சி.யு.வின் அந்தப் பகுதி தாங்காது. அதற்கு மேல் குத்திப் பார்ப்பது வேறு!

அறுந்த இடம் கிடைத்ததும், செம்பு பளிச்சென்று தெரியும்வரை இருபக்கமும் வெட்டி, அதே கனமுள்ள வயரைச் சேர்த்து சால்டர் செய்யுங்கள். மேலே, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும், பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடவேண்டும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலை இன்ஜின் சூட்டில் ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. பிறகு குறியீட்டை அழித்துவிட்டு, அதே வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

கேள்வி: பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறேன். சென்சாரைக் கழற்றி வீட்டிலேயே சோதிக்க முடியுமா? எத்தனை ஓம் வந்தால் நல்லது? (மாணவர், சேலம்)

பதில்: முடியும் தம்பி. சென்சாரைத் தண்ணீரில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே, அதன் மின்தடையை மல்டிமீட்டரில் பார்ப்பதுதான் சோதனை. ஆனால் வீட்டில் பால் காய்ச்சும் பாத்திரத்தை எடுக்காதீர்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். இதற்கென்று ஒரு பழைய டப்பா இருக்கட்டும். சென்சாரைக் கழற்றுவதும் இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான். சூட்டோடு கழற்றினால் கொதிக்கும் கூலண்ட் கையில் பீறிடும்.

எத்தனை ஓம் என்பது சென்சாருக்குச் சென்சார் மாறும். உங்கள் காருக்கான அட்டவணை சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கார்களில் பரவலாக இருக்கும் ஒரு வகையைச் சொல்கிறேன். 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 40இல் 1,200ஐ ஒட்டி, 80இல் 320ஐ ஒட்டி, 100இல் 190க்கும் கீழே. தொடக்கத்தில் மளமளவென்று இறங்கி, சூடு ஏறியபின் மெல்ல இறங்குவதைப் பாருங்கள். எண்ணைவிட இந்தப் போக்குதான் முக்கியம். நடுவில் ஓரிடத்தில் எண் திடீரென்று எகிறித் திரும்பினால் உள்ளே விரிசல்.

சென்சாரின் மூக்கு மட்டும் தண்ணீரில் இருக்கட்டும். முள் நனையக் கூடாது, மூக்கு பாத்திரத்தின் அடியையும் தொடக்கூடாது. சமையலறைத் தெர்மாமீட்டரைப் பக்கத்திலேயே பிடித்து, பத்து டிகிரிக்கு ஒரு முறை எழுதிக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, ஆறும்போதும் எழுதுங்கள். ஏறும்போது ஒழுங்காக இருந்துவிட்டு ஆறும்போது காலை வாரும் சென்சார்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்பேனரின் பிடியால் லேசாகத் தட்டிப் பார்ப்பதும் நல்லது.

கேள்வி: காலையில் ஒரே முறையில் ஸ்டார்ட் ஆகிறது. கடைவீதியில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் அடம் பிடிக்கிறது, பெட்ரோல் வாசனையும் வருகிறது. பிளக்கைக் கழற்றினால் கரி. ஸ்கேனரில் எந்தக் குறியீடும் இல்லை, அதனால் சென்சார் எல்லாம் சரி என்கிறார்கள். (வாசகர், தூத்துக்குடி)

பதில்: குறியீடு இல்லாததால் குறையும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். −40, 140 என்று யாரும் நம்பாத எண் வந்தால்தான் இ.சி.யு. முதல் வேலையாகக் கூச்சல் போடும். இன்ஜின் 90 டிகிரியில் இருக்கும்போது சென்சார் 40 என்று சொன்னால், பல கார்களில் அது பேசாமல் நம்பிவிடும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கொடுக்கும் அளவுக்குப் பெட்ரோலைக் கொட்டும். சூடான இன்ஜினில் அது அதிகப்படி. அதனால்தான் கரி, வாசனை, அடம் எல்லாம். நாள்பட விட்டால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் போகும்.

இப்படிப் பொய் சொல்வது எப்போதும் சென்சாராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. மேலே சேலம் மாணவருக்குச் சொன்ன எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சூடான சென்சாரின் தடை 200 ஓம் என்று வையுங்கள். கனெக்டர் முள்ளில் ஏறிய களிம்பு ஒரு 1,000 ஓம் சேர்த்துவிட்டால் மொத்தம் 1,200. இ.சி.யு. அதை 40 டிகிரி என்று படிக்கும். காலையில் சென்சாரே 2,000 ஓமை ஒட்டி இருக்கும்போது அதே 1,000 சேர்ந்தாலும் பத்துப் பதினைந்து டிகிரிதான் பிசகும். குளிரில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிச் சூட்டில் தகராறு செய்வதன் காரணம் இந்தக் கணக்குதான். தூத்துக்குடி உப்புக்காற்றில் நான் முதலில் சந்தேகப்படுவது கனெக்டரைத்தான்.

சோதனை எளிது. இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆனில் வைத்து, ஸ்கேனரில் கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். ஐந்து டிகிரிக்கு மேல் விலகினால் ஏதோ ஒன்று சரியில்லை. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) இருக்கும் கூட்டின்மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டி, ஸ்கேனர் எண்ணோடு ஒப்பிடுங்கள். பளபளப்பான அலுமினியத்தில் அந்தக் கருவி ஏமாறும், குறைத்தே காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் காட்டினால் சரியாக வரும். எல்லாம் பொருந்தினால் சென்சாரை விட்டுவிட்டு, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போது பர்லியார் தாண்டியதும் சூடு முள் நடுவை விட்டு மேலே போகிறது. சமதளத்தில் சரியாகிவிடுகிறது. சென்சார்தான் கோளாறு, மாற்றிவிடு என்கிறார் நண்பர். (வாசகி, கோத்தகிரி)

பதில்: அம்மா, நண்பர் சொல்வதைக் கேட்டால் இன்ஜின் ஹெட் வரை செலவு போகலாம். ஏறும்போது உயர்ந்து, சமதளத்தில் இறங்கும் முள் உண்மையைத்தான் சொல்கிறது. சென்சார் கோளாறுக்கு ஏற்றமும் இறக்கமும் தெரியாது. இன்றைய பல கார்களில் முள் சற்று மழுப்பலாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. 75 டிகிரியிலிருந்து 105 வரை எங்கிருந்தாலும் நடுவிலேயே நிற்கும். ஓட்டுபவர் வீணாகப் பதறக்கூடாது என்று அப்படிச் செய்கிறார்கள். ஆகவே அது நடுவை விட்டு நகர்ந்தாலே சங்கதி பெரிது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அளவு சரியென்றால் அந்த மூடியைச் சந்தேகப்படுங்கள். ஊட்டி உயரத்தில், சுமார் 2,200 மீட்டரில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். காரில் கொதிக்காமல் இருப்பதற்குக் காரணம் அந்த மூடி பிடித்துவைக்கும் ஒரு பார் அளவு அழுத்தம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் சமதளத்தில் தெரியாத குறை மலையில் தெரியும். பிறகு ஃபேனைப் பாருங்கள். நிறுத்தி வைத்த காரில் ஏ.சி.யைப் போட்டால் ஃபேன் சுற்றவேண்டும். ரேடியேட்டரின் முன்பக்கம் பூச்சியும் சேறும் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, இதை மறக்கவேண்டாம். கூலண்ட் மிகவும் குறைந்து, சென்சாரின் மூக்கு தண்ணீருக்கு மேலே காற்றில் நின்றுவிட்டால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கலாம். ஏற்றத்தில் மேலே போன முள் திடீரென்று விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பி 0128 வருகிறது. சென்சார் மாற்றியும் போகவில்லை. முன்பு ஒருமுறை சூடானபோது, நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கழற்றிவிட்டார்கள். (வாசகர், வேலூர்)

பதில்: பதிலை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். பி 0128 என்றால் இன்ஜின் எட்டவேண்டிய சூட்டை எட்டவில்லை என்று பொருள். எட்டவிடாமல் செய்தவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியவர். சென்சார் நடப்பதை அப்படியே சொல்கிறது. வேலூர் வெயில் 42 டிகிரி என்றாலும் இன்ஜினுக்கு வேண்டியது 85, 90. வெயிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். அன்று ஏன் சூடானது என்பதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை, அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து திண்டிவனம் போவதற்குள் ஏ.சி. காற்று மெல்ல மெல்லக் குறைந்து நின்றேவிடுகிறது. டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஜில்லென்று வருகிறது, காருக்கடியில் நிறையத் தண்ணீர். (வாசகர், தாம்பரம்)

பதில்: உள்ளே, காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரில் பனி கட்டிக் காற்றை அடைக்கிறது. நீங்கள் டீ குடிக்கும் நேரத்தில் அது உருகுகிறது. அங்கேயும் இதே வகைச் சென்சார் ஒன்று உண்டு. உறையும் நிலையை நெருங்கினால் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்வது அதன் வேலை. அது கெட்டிருக்கலாம், அல்லது தகடுகளுக்கு நடுவே செருகிய இடத்திலிருந்து நழுவியிருக்கலாம். நழுவியிருந்தால் செலவே இல்லை. அதற்கு முன் கேபின் ஃபில்ட்டரையும் கேஸ் அழுத்தத்தையும் பாருங்கள், அவற்றாலும் பனி கட்டும்.

கேள்வி: டாஷ்போர்டில் வெளி வெப்பநிலை −40 காட்டுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினாலும் அதே −40. (வாசகர், திருச்சி)

பதில்: செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் சந்திக்கும் ஒரே எண் −40தான், ஆகவே டாஷ்போர்டைக் குறை சொல்லாதீர்கள். அண்மையில் முன் பம்பரைக் கழற்றி மாட்டினீர்களா? வெளிச் சென்சார் அதன் பின்னால் இருக்கும். கனெக்டரைச் செருக மறந்திருப்பார்கள்.

கேள்வி: கார்பரேட்டர் காலத்துக் கார் வைத்திருக்கிறேன். சூடு முள் அடியிலேயே கிடந்ததால் புதுச் சென்சார் போட்டோம். ஒழுகக்கூடாது என்று மரையில் டெஃப்ளான் டேப்பை நன்றாகச் சுற்றித்தான் போட்டார்கள். இப்போதும் முள் எழவில்லை. (வாசகர், காரைக்குடி)

பதில்: உங்கள் சென்சாருக்கு ஒரே வயர்தான். எர்த் அதன் மரை வழியாக இன்ஜினுக்குப் போகவேண்டும். டேப்பைச் சுற்றி அந்த வழியை அடைத்துவிட்டார்கள். டேப்பை எடுத்துவிட்டுச் செம்பு வாஷர் போடச் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு நிமிட வேலை. சாவியை ஆனில் வைத்து, சென்சார் வயரைக் கழற்றி, இன்ஜினின் வெறும் உலோகத்தில் ஒரு கணம் தொடுங்கள். முள் மேல்நோக்கி எழுந்தால் மீட்டரும் வயரும் நலம். எழுந்ததும் எடுத்துவிடுங்கள், பிடித்துக்கொண்டே இருந்தால் மீட்டர் போய்விடும். முள் எழவில்லை, பெட்ரோல் முள்ளும் சேர்ந்து படுத்திருக்கிறது என்றால், ரேடியேட்டர் பக்கம் போகவே வேண்டாம். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் இரண்டு மீட்டருக்கும் பொதுவாக டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சிறிய வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். அதற்கு வரும் வயரையும், அதன் எர்த்தையும் முதலில் பாருங்கள்.